அந்த ஒரு வரியைத் தெளிவாக எழுதியிருக்கக் கூடாதா?

20 ஜூலை 2025 | வாசகர் கேள்வி

அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி செவ்ரான், ஹெஸ் என்ற இன்னொரு எண்ணெய்க் கம்பெனியை வாங்கி முடித்த செய்தியைப் படித்தேன். 53 பில்லியன் டாலர் பேரம். 2023 அக்டோபரில் அறிவித்தது, கயானா எண்ணெய் வயலுக்காக ஹெஸ் போட்டிருந்த கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு பிரிவுக்கு என்ன பொருள் என்ற சண்டையில் இத்தனை நாள் இழுத்திருக்கிறது. நான் சட்டம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். அந்த வரியை ஒழுங்காக எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. வக்கீல்கள் வேண்டுமென்றே குழப்பி எழுதுகிறார்கள், பிறகு அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவும் அவர்களே ஃபீஸ் வாங்குகிறார்கள். இந்தத் துறையில் இருந்தவர்கள் யாராவது மறுப்பதாக இருந்தால் மறுக்கலாம்.

20 ஜூலை 2025, இரவு

பாதி மறுக்கிறேன். மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை பார்த்தேன். டெல்லி, லண்டன், துபாய். எண்ணெய் வயலில் பங்கு வாங்குவது, விற்பது, எல்லை தாண்டி எரிவாயு விற்பது, குழாய் போடுவது, எல்லாவற்றுக்கும் பத்திரம் எழுதினேன். இப்போது திருவாரூர் பக்கம் அம்மாவோடு இருக்கிறேன்.

கயானா கதை இதுதான். தென் அமெரிக்காவில் இருக்கும் அந்த நாட்டுக் கடலில் ஸ்டாப்ரோக் பிளாக், அதாவது எண்ணெய் எடுக்க ஒதுக்கிய பகுதி. அமெரிக்காவின் எக்ஸானுக்கு 45 சதவீதம், ஹெஸ்ஸுக்கு 30, சீனாவின் சிஎன்ஓஓசிக்கு 25. மூவருக்கும் நடுவில் இருக்கும் ஒப்பந்தத்தைத் தொழிலில் ஜேஓஏ என்பார்கள். நம் பாஷையில் பங்காளிப் பத்திரம். ஒரு பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்கப் போனால் மற்ற பங்காளிகளிடம் முதலில் கேட்க வேண்டும் என்பது இதில் வழக்கமாக வரும் பிரிவு. எங்கள் ஊர் நஞ்சையிலும் அதுதான் மரபு. ஆனால் ஹெஸ் தன் பங்கை விற்கவில்லை. செவ்ரான் ஹெஸ்ஸையே முழுதாக எடுத்துக்கொண்டது. நிலத்தை விற்காமல் நிலக்காரரையே சுவீகாரம் எடுத்த மாதிரி. அப்போதும் பங்காளியைக் கேட்க வேண்டுமா? பேரமே கயானா பங்குக்காகத்தான், ஆகவே கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றது எக்ஸான். கம்பெனி கைமாறுவது வேறு, சொத்து கைமாறுவது வேறு என்றார்கள் எதிர்த்தரப்பில். மூன்று நடுவர்கள் கேட்டு ஜூலை 18 அன்று எக்ஸானுக்கு எதிராக முடித்தார்கள். அன்றைக்கே செவ்ரான் பேரத்தை முடித்துக்கொண்டது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. போன வருஷம் எக்ஸானின் மூத்த நிர்வாகி ஒருவர், அந்த ஒப்பந்தத்தை எழுதியதே நாங்கள்தான், அதன் நோக்கம் எங்களுக்குத் தெரியும் என்ற பொருளில் பேசினார். எழுதியவர்களே தோற்றார்கள். எழுதியவன் மனசில் என்ன இருந்தது என்று நடுவர் மன்றம் பெரிதாகக் கேட்பதில்லை. தாளில் என்ன இருக்கிறது என்பதுதான்.

21 ஜூலை

"மேடம், நீங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை" என்று மாணவர் தனியாக எழுதியிருக்கிறார். மேடம் வேண்டாம் தம்பி, அக்கா போதும். வயதைப் பார்த்தால் அத்தை.

சரி, பதில். வேண்டுமென்றே மங்கலாக எழுதுவது உண்டு. நான் எழுதியிருக்கிறேன். ஆனால் ஃபீஸுக்காக அல்ல. பதினேழு நாள் ஓட்டலில் உட்கார்ந்து நூற்றைம்பது விஷயத்தில் ஒத்துப்போய்விட்டார்கள், ஒன்றில் மட்டும் முடியவில்லை. கிணறு எதிர்பார்த்ததற்கு மேல் கொடுத்தால் கூடுதல் குழாய்ச் செலவு யாருடையது? அமைச்சர் விமான நிலையத்துக்குப் போயாகிவிட்டது. அப்போது "இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு கலந்து பேசுவார்கள்" என்று ஒரு வரி போடுவோம். அந்த வரிக்கு ஒரு பொருளும் இல்லை என்று அறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பொருள் இருந்திருந்தால் கையெழுத்தே விழுந்திருக்காது.

24 ஜூலை

"நீங்கள் தினமும் என்னதான் செய்வீர்கள்? சினிமாவில் வருகிற மாதிரி ஹெலிகாப்டரா?" என்று கேட்கிறார் வேறொருவர். ஹெலிகாப்டரில் ஒரே ஒரு தடவை போனேன், வாந்தி எடுத்தேன்.

தினமும் செய்தது படிப்பது. அப்புறம் அடிப்பது, திருத்துவது, மறுபடி படிப்பது. நேரத்தை ஆறு ஆறு நிமிஷமாகப் பிரித்து யார் கணக்கில் எவ்வளவு என்று குறித்து வைப்பது. ஊரில் அப்பாவிடம் இதைச் சொன்னபோது "பால்காரர் கார்டு மாதிரியா?" என்றார். அதேதான்.

பத்திரங்களில் பெரியது அரசாங்கத்தோடு போடுவது. உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம். இது புரியாதவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் வாரச் சாகுபடி. நிலம் பண்ணையாருடையது. விதை, உரம், ஆள் எல்லாம் வாரதாரர் பொறுப்பு. விளைந்தால் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைப் பிரிப்பது. விளையாவிட்டால் வாரதாரர் தலையில். எண்ணெயிலும் இதேதான்: பூமி அரசுடையது, துளையிடும் செலவு கம்பெனியுடையது, எண்ணெய் வந்தால் முதலில் செலவு எண்ணெய், பிறகு லாப எண்ணெய். இப்படி முதலில் எழுதியது இந்தோனேசியா, 1966இல். ஜாவா வயல்களில் இருந்த பங்குச் சாகுபடியைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்பார்கள். அதில் செலவுக்கு 40 சதவீதம் வரைதான் எடுக்கலாம். மீதியில் அரசுக்கு 65, கம்பெனிக்கு 35. அதுவரை இருந்த பழைய சலுகை முறையில் எண்ணெய் கம்பெனிக்கே சொந்தம், அரசுக்கு ராயல்டி. இந்தோனேசியா மாற்றியது பங்கை மட்டுமல்ல, பண்ணையார் யார் என்பதையும்.

வாரத்தில் சண்டை எங்கே வரும் என்று தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். செலவுக் கணக்கில்தான். கம்பெனி தன் தலைமை அலுவலகச் செலவில் ஒரு பங்கை இந்த வயல் கணக்கில் எழுதும். அரசுத் தணிக்கையாளர் அடிப்பார். என் முதல் மூன்று வருஷம் முழுக்க இந்த அடித்தலிலேயே போனது. இந்தியா 2016இல் புது உரிமங்களுக்கு வருவாய்ப் பகிர்வு என்று மாறியதற்குக் காரணமே இந்தச் செலவுக் கணக்குத் தலைவலிதான்.

2 ஆகஸ்ட்

தெளிவாக எழுதுவது பற்றி ஒரு கதை. இதில் நான்தான் கதாநாயகி.

2006 குளிர்காலம், மத்திய ஆசியாவில் ஒரு தலைநகர். ஒரு நாட்டு வயலிலிருந்து பக்கத்து நாட்டு மின் நிலையத்துக்கு எரிவாயு. நாங்கள் விற்பவர் தரப்பு. மறுநாள் காலை கையெழுத்து. ராத்திரி இரண்டு மணிக்குக் கடைசித் தடவையாக வரையறைப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். விலை, ஒரு எம்எம்பிடியுவுக்கு (எரிவாயு தரும் சூட்டை அளக்கும் அலகு) இத்தனை டாலர். எம்எம்பிடியு எப்படி அளப்பது? "வெப்ப மதிப்பின்படி." எந்த வெப்ப மதிப்பு? பக்கத்தில் இல்லை.

எரிவாயு எரியும்போது நீராவியும் வரும். அந்த ஆவி மறுபடி தண்ணீராகும்போது விடுகிற சூட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிராஸ். சேர்க்காவிட்டால் நெட். அதே குழாய், அதே வாயு, ஆனால் இரண்டு கணக்குக்கும் பத்து சதவீதம் வித்தியாசம். விற்கிறவர்கள் கிராஸ் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். டர்பைன் செய்கிறவர்கள் தங்கள் திறனை நெட்டில்தான் சொல்வார்கள், அதனால் மின் நிலையக்காரர்கள் மனசில் நெட். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைப் படித்து ஆளுக்கொரு விலைக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தி "கிராஸ்" சேர்த்தோம்.

இது ஏதோ அந்நிய நாட்டு வேடிக்கை என்று நினைக்க வேண்டாம். 2014 அக்டோபரில் இந்தியா உள்நாட்டு எரிவாயு விலையை உயர்த்தியபோது ஒரு பேப்பரில் 5.61 டாலர் என்றும் இன்னொன்றில் 5.05 என்றும் வந்தது. இரண்டும் சரி. முதலாவது நெட், இரண்டாவது கிராஸ்.

3 ஆகஸ்ட்

"நீராவி விடுகிற சூடு புரியவில்லை" என்பவர்களுக்கு: இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது கை சுடுவது எதனால்? ஆவி கையில் பட்டுத் தண்ணீராகிறது, ஆகும்போது சூட்டை விடுகிறது. அந்தச் சூட்டுக்குக் காசு உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி.

11 ஆகஸ்ட்

எப்படி இந்தத் துறைக்கு வந்தேன் என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது.

நரிமணம் எங்களுக்குப் பக்கம். சின்ன வயதில் ராத்திரி மொட்டை மாடியில் படுத்தால் தொலைவில் எண்ணெய்க் கிணற்றுத் தீ தெரியும். சென்னையில் சட்டம், 1996இல் வக்கீலாகப் பதிவு, டெல்லியில் ஒரு அலுவலகத்தில் ஜூனியர். அங்கே அரசு எண்ணெய் பிளாக் ஏலத்துக்கு விடத் தொடங்கியிருந்த நேரம். யாருக்கும் பிடிக்காத கோப்பு என் மேஜைக்கு வந்தது. பிறகு கடன் வாங்கி ஸ்காட்லாந்தில் டண்டீ. அங்கே பல்கலைக்கழகத்தில் பெட்ரோலியச் சட்டத்துக்கென்றே 1977 முதல் ஒரு மையம் இருக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் நைஜீரியா, இந்தோனேசியா, கஜகஸ்தான், அங்கோலா அரசு அதிகாரிகள். பாடத்தைவிட அவர்களிடம் கற்றது அதிகம். பிற்பாடு பேச்சு மேஜைக்கு எதிர்ப்பக்கம் அவர்களே உட்கார்ந்திருந்தார்கள். நவம்பர் கடைசியில் நாலு மணிக்கே அங்கே இருட்டத் தொடங்கிவிடும். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அறையில் ஒரே பெண் என்பது பழகிவிட்டது. ஒரு தடவை எதிர்த்தரப்புத் தலைவர் என்னை மொழிபெயர்ப்பாளர் என்று நினைத்து என் பக்கம் பார்த்தே அரை மணி நேரம் பேசினார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நிஜ மொழிபெயர்ப்பாளர் டீ குடிக்கப் போயிருந்தார்.

13 ஆகஸ்ட்

2 ஆகஸ்ட் குறிப்பில் ஒரு திருத்தம். 2006 அல்ல, 2007. பழைய பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன்.

30 ஆகஸ்ட்

எவ்வளவு தெளிவாக எழுதினாலும் பயனில்லாத வகை ஒன்று இருக்கிறது. எழுதும்போது உலகத்திலேயே இல்லாத ஒரு பொருள் பிற்பாடு பிறந்து வருவது.

அபுதாபி ஷேக் 1939இல் ஒரு பிரிட்டிஷ் குழுமத்துக்கு 75 வருஷத்துக்கு எண்ணெய் உரிமை கொடுத்தார். ஆட்சிப்பகுதி முழுதும், தீவுகள், கடல் எல்லாம் சேர்த்து என்று அரபியில் எழுதினார்கள். 1945இல் அமெரிக்க அதிபர் ட்ரூமன், கரையை ஒட்டிக் கடலுக்கடியில் நீளும் கண்டத்திட்டின் கீழிருக்கும் வளம் தங்களுடையது என்று அறிவித்தார். அதற்குப் பிறகுதான் மற்ற நாடுகளும் அந்த மாதிரி உரிமை கேட்கத் தொடங்கின. உடனே கேள்வி வந்தது: 1939இல் ஷேக் கொடுத்ததில் இந்தத் திட்டும் சேர்த்தியா? 1951இல் அஸ்குவித் பிரபு நடுவராக இருந்து சொன்னார்: கரையோரக் கடலின் அடிநிலம் சேர்த்தி, அதற்கப்பால் உள்ள திட்டு சேராது. எழுதியவர்கள் நினைத்தே பார்க்காத ஒன்றை அவர்கள் கொடுத்ததாகவோ கொடுக்காததாகவோ எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

அதே தீர்ப்பில், இந்த மாதிரி நவீன வணிகப் பத்திரங்களைப் பொருள்கொள்ளும் அளவுக்கு அந்தப் பகுதியில் சட்டக் கோட்பாடுகள் வளரவில்லை என்று சொல்லிவிட்டு, ஆங்கிலச் சட்டத்தின் பல விதிகளை உலகப் பொது நியாயம் என்ற பெயரில் கொண்டுவந்து வைத்தார். ஷேக்குக்கு வழக்கில் வெற்றிதான். ஆனால் உன் ஊரில் சட்டம் என்று ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டே கொடுத்த வெற்றி. டண்டீயில் இதைப் படித்த அன்று வகுப்பில் அரபு மாணவர் ஒருவர் புத்தகத்தைச் சத்தமாக மூடினார். எழுபது வருஷத்துக்குப் பிறகும் நாங்கள் போடும் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஆங்கிலச் சட்டமே, லண்டனிலோ சிங்கப்பூரிலோ நடுவர் மன்றம். நானும் அந்தப் பிரிவை வெட்டி ஒட்டிப் பிழைத்தவள்தான்.

14 செப்டம்பர்

நம் பக்கத்து உதாரணம் கேட்டார்கள். ஒன்று இருக்கிறது. கச்சத்தீவுச் சண்டையை மட்டும் இங்கே ஆரம்பிக்காதீர்கள், அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன.

இந்தியாவும் இலங்கையும் 1974இல் பாக் நீரிணைக்கும் 1976இல் மன்னார் வளைகுடாவுக்கும் கடல் எல்லை போட்டன. எல்லாரும் தீவைப் பற்றியும் மீனைப் பற்றியும்தான் பேசுவார்கள். அந்த ஒப்பந்தங்களில் எண்ணெய்க்கு ஒரு பிரிவு இருக்கிறது. எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் பரவிய ஒரே எண்ணெய் வயலோ எரிவாயு வயலோ இருந்தால், அதை எப்படி எடுப்பது, வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்று இரு நாடும் உடன்பாட்டுக்கு வர முயல வேண்டும். அவ்வளவுதான். கண்டால் பேசுவோம்.

அதே 1976இல் வட கடலில் பிரிட்டனும் நார்வேயும் ஃப்ரிக் வயலுக்கு ஒப்பந்தம் போட்டன. அங்கே நார்வேக்கு 60.82, பிரிட்டனுக்கு 39.18 சதவீதம் என்று பிரித்தார்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்!

அவர்கள் வக்கீல்கள் கெட்டிக்காரர்கள், நம்மவர்கள் மந்தம் என்று உடனே தீர்ப்பு எழுதிவிடலாம். ஃப்ரிக்கில் 1971இலேயே வாயு கிடைத்துவிட்டது. ஒப்பந்தம் போட்ட மறு வருஷமே உற்பத்தி ஆரம்பிக்க வேண்டும். மன்னாரில் அப்போது ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. இல்லாத மாட்டுக்குப் பால் பங்கு எழுதினால் சண்டைதான் மிஞ்சும். பிறகு 2011இல் இலங்கைப் பக்கத்து மன்னார்ப் படுகையில் கெய்ர்ன் என்ற எண்ணெய்க் கம்பெனி துளையிட்டு டொராடோ, பாராகுடா என்ற இரண்டு இடத்தில் எரிவாயுவைக் கண்டது. 2015இல் பிளாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. அந்தப் பழைய பிரிவு இன்னும் தாளிலேயே இருக்கிறது.

ஆக, தம்பியின் கேள்விக்கு இன்னொரு பதில்: சில வரிகளை மங்கலாக விடுவது சோம்பேறித்தனம் இல்லை.

15 செப்டம்பர்

யாரோ கச்சத்தீவை ஆரம்பித்தாகிவிட்டது. நான் டீ போடப் போகிறேன்.

5 அக்டோபர்

இன்றைக்கு எதிர்ப்பக்கம். பளிங்கு மாதிரி தெளிவாக எழுதியும் பிரயோஜனமில்லாத கதை இரண்டு.

முதலாவது கத்தார். எரிவாயு இறக்குமதி செய்யும் இந்தியக் கம்பெனி பெட்ரோநெட் 1999இல் கத்தாரின் ராஸ்கேஸோடு ஆண்டுக்கு 75 லட்சம் டன் எல்என்ஜிக்கு, அதாவது குளிரவைத்துத் திரவமாக்கிய எரிவாயுவுக்கு, 25 வருஷ ஒப்பந்தம் போட்டது. அதில் டேக் ஆர் பே. எடுத்தாலும் காசு, எடுக்காவிட்டாலும் காசு. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த மாதிரி, மழை வந்தாலும் மண்டபக்காரர் திருப்பித் தர மாட்டார். விலை கடந்த 60 மாத எண்ணெய் விலைச் சராசரியோடு கட்டியிருந்தது. 2014 நடுவில் நூறு டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2015 முடிவில் நாற்பதுக்குக் கீழே. 60 மாதச் சராசரி கீழே இறங்க மாட்டேன் என்கிறது. ஒப்பந்த விலை 12, 13 டாலர், வெளிச் சந்தையில் கிட்டத்தட்ட பாதி. பெட்ரோநெட் எடுப்பதைக் குறைத்தது. ஒப்பந்தப்படி அபராதம் சுமார் 12,000 கோடி ரூபாய். ஒரு வார்த்தைகூட மங்கல் இல்லை. வழக்குப் போட்டிருந்தால் கத்தார் கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்திருக்கும். போடவில்லை. 2015 டிசம்பரில் உட்கார்ந்து பேசி, மூன்று மாத பிரெண்ட் (உலகச் சந்தை எண்ணெய் விலை) சராசரிக்கு மாற்றி, அபராதத்தைத் தள்ளுபடி செய்தார்கள். பதிலுக்கு இந்தியா கூடுதல் சரக்கு எடுக்க ஒத்துக்கொண்டது. இருபத்தைந்து வருஷ வாடிக்கையாளரைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டு அடுத்த இருபது வருஷம் யாரிடம் விற்பது? 2024 பிப்ரவரியில் அதே 75 லட்சம் டன்னை 2048 வரை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டாவது கெயில், இந்திய அரசின் எரிவாயுக் கம்பெனி. 2012இல் ரஷ்ய எரிவாயுக் கம்பெனி காஸ்ப்ரோமின் சிங்கப்பூர் வணிகக் கிளையோடு 20 வருஷ எல்என்ஜி ஒப்பந்தம். அந்தக் கிளைக்கு அம்மா கம்பெனி ஜெர்மனியில், அதற்கும் பாட்டி ரஷ்யாவில். உக்ரைன் போர் வந்தது. 2022 ஏப்ரலில் ஜெர்மனி அரசு அந்த அம்மாவைத் தன் பொறுப்பில் எடுத்து, பிறகு பெயரையும் செஃபி என்று மாற்றியது. ரஷ்யா பாட்டி, இனி சரக்கு கிடையாது என்றாள். கெயிலுக்கு வர வேண்டிய கப்பல்கள் மே மாதத்திலிருந்து நின்றன. லண்டன் நடுவர் மன்றத்தில் கெயில் கேட்டது 1.8 பில்லியன் டாலர். இந்த வருஷம் ஜனவரியில் 285 மில்லியனுக்குச் சமாதானம். கையெழுத்துப் போட்ட கம்பெனி அதேதான், பின்னால் நிற்கும் குடும்பம்தான் மாறிவிட்டது. கயானாவில் செவ்ரான் விஷயமும் ஒரு விதத்தில் இதுதானே? எழுதும்போதுதான் தோன்றுகிறது. பங்காளி மாறவில்லை, பங்காளியின் தகப்பன் மாறிவிட்டான்.

6 அக்டோபர்

கதிராமங்கலம், நெடுவாசல் பெயர்களைச் சொல்லி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "டெல்டாவில் பிறந்துவிட்டு எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வக்கீல் வேலை பார்த்ததில் உறுத்தலே இல்லையா?"

உறுத்தல் உண்டு. தமிழ்நாடு 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிச் சட்டம் போட்டபோது எனக்குச் சந்தோஷம்தான். அதே வாரம் வேறு ஒரு நாட்டு டெல்டாவில் துளையிடும் பத்திரத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். இதற்கு என்னிடம் நியாயம் எதுவும் இல்லை.

பாகு-திபிலிசி-ஜெய்ஹான் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1,768 கிலோமீட்டர், அஜர்பைஜான், ஜார்ஜியா, துருக்கி மூன்று நாடு. மூன்று அரசுகளும் கம்பெனிகளோடு தனித்தனி ஒப்பந்தம் போட்டன. பின்னால் சட்டம் மாறி லாபம் குறைந்தால் அரசு ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு. எங்கள் தொழிலில் இதற்கு நிலைநிறுத்தும் பிரிவு என்று பெயர், முதலீட்டுக்காரர்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க இது வேண்டும். அப்படியென்றால் நாளை ஒரு நல்ல சுற்றுச்சூழல் சட்டமோ தொழிலாளர் சட்டமோ போட்டாலும் அரசு காசு கொடுக்க வேண்டுமா? 2003இல் மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இதைத்தான் கேட்டது. அதே வருஷம் கம்பெனி ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தது, மனித உரிமைக்கான சட்டங்களுக்கு எதிராக அந்தப் பிரிவைப் பயன்படுத்த மாட்டோம் என்று. அந்தப் பத்திரம் வந்த பிறகு நாங்கள் எழுதும் பிரிவுகளும் மாறின. வெளியிலிருந்து யாரோ கத்தியதால் மாறியது, எங்கள் அறைக்குள் யாருக்கும் தோன்றி மாறவில்லை. நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

9 நவம்பர்

ஒரு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. 2 ஆகஸ்ட் குறிப்புதான் காரணம். அதை மறுபடி படிக்கும்போதெல்லாம் கூசுகிறது.

ராத்திரி இரண்டு மணி சரி. வரையறைப் பக்கம் சரி. கண்டுபிடித்தது நான் இல்லை.

எங்கள் கட்சிக்காரரின் மீட்டர் பொறியாளர் ஒருவர் இருந்தார். அறுபது வயது இருக்கும், சோவியத் காலத்து ஆள், ஆங்கிலம் தெரியாது. யாரும் அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை, தானாக வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். ரஷ்ய மொழிப் பிரதியை ஒரு மர ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். அவர் என்னிடம் கேட்டார்: "மேலா, கீழா என்று கேட்கிறார்." அவர்கள் கிராஸை மேல் வெப்ப மதிப்பு, நெட்டைக் கீழ் வெப்ப மதிப்பு என்பார்கள். எனக்கு எதுவும் புரியவில்லை. இரண்டு வகை இருக்கிறது என்பதே அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. பத்து வருஷ அனுபவம், பெட்ரோலியச் சட்டத்தில் மேல்படிப்பு! இட்லிப் பானை உதாரணமும் அவர் டீ கெட்டிலைக் காட்டிச் சொன்னதுதான், நான் பானையை மாற்றிக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த வரையறையை நான் எங்கிருந்து எடுத்தேன்? மூன்று வருஷம் முன்னால், 2004இல், வேறொரு கட்சிக்காரருக்கு நானே எழுதிய ஒப்பந்தத்திலிருந்து வெட்டி ஒட்டினேன். அது ஏற்கெனவே கையெழுத்தாகி அலமாரியில் இருக்கிறது. அதிலும் "வெப்ப மதிப்பு" மட்டும்தான்.

நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

10 நவம்பர்

"பிறகு என்ன ஆனது, பாதியில் விட்டால் எப்படி அக்கா" என்று நிறையப் பேர்.

ஐந்தாம் நாள் சீனியரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கோப்பைக் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "இதை நானும் படித்துத்தானே கையெழுத்துக்கு அனுப்பினேன்" என்றார். இருவரும் உட்கார்ந்து கட்சிக்காரருக்குக் கடிதம் எழுதினோம். எழுத்தில், ஒளிக்காமல். அவர்கள் தரப்பில் யோசித்து, வங்கிக் கடன் முடியும் நேரத்தில் எப்படியும் ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டியிருக்கும், அப்போது இதையும் சேர்த்துத் திருத்திக்கொள்ளலாம், இப்போது கிளப்பினால் எதிர்த்தரப்பு விலையையே மறுபடி பேசும் என்றார்கள்.

கடன் வரவில்லை. 2008இல் எல்லாம் நின்றது. குழாய் போடவே இல்லை. ஒரு கன மீட்டர் வாயுகூட அந்த ஒப்பந்தத்தில் ஓடியதில்லை. என் பிழை அந்தக் கோப்பில் இன்னும் அப்படியே இருக்கிறது. நான் எழுதியதில் பாதிக்கு மேல் இப்படி நடக்காமல் போன பேரங்கள்தான். அதற்காக வருத்தப்பட்டது உண்டு. இந்த ஒன்றுக்கு மட்டும் சாமி கும்பிட்டேன்.

அதனால் தம்பியின் ஜூலைக் கேள்விக்கு, மீதி வைத்த பாதி: நீங்கள் சொன்ன மாதிரி வேண்டுமென்றே குழப்பியது இல்லை. தெரியாமல் எழுதியது. அறையில் இருந்த பத்து வக்கீல்களுக்கும் தெரியவில்லை.

11 நவம்பர்

நேற்றைய "பத்து வக்கீல்கள்" கொஞ்சம் மிகை. ஏழு பேர்.

2 டிசம்பர்

தம்பி டெல்லியில் ஒரு எரிசக்தி அலுவலகத்தில் ஜனவரி முழுக்கப் பயிற்சிக்குப் போகிறாராம். என்ன எடுத்துப்போகலாம் என்று கேட்கிறார். சம்பளம் தருகிறார்களா என்று கேட்டேன், பதில் வரவில்லை. அதுவே பதில்.

முதல் வாரம் உங்களிடம் வரையறைப் பக்கங்களைத்தான் கொடுப்பார்கள். தாளில் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள், கணினித் திரையில் கண் ஓடிவிடும். ஒரு ஸ்கேல் வாங்கிக்கொள்ளுங்கள், மரமோ பிளாஸ்டிக்கோ எதுவானாலும் சரி. படிக்கிற வரிக்குக் கீழே வைத்து, முடித்த பிறகு இறக்குங்கள். பக்கத்து மேஜையில் சிரிப்பார்கள். புரியாத சொல் வந்தால் சீனியரிடம் கேட்பதற்கு முன்னால் அலுவலகத்துக்கு வந்து போகிற பொறியாளர் யாரையாவது பிடித்துக் கேளுங்கள், அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் பிடிக்கும், யாரும் கேட்பதில்லை என்ற குறை அவர்களுக்கு நிறைய.

டெல்லி ஜனவரி சென்னைக்காரர்கள் நினைப்பது மாதிரி இருக்காது. இரண்டு ஸ்வெட்டர்.